அம்மாவுக்குச் சளி பிடிக்குமாம்

காயத்ரி, சிவா, இதை நீங்கள் இரண்டு பேரும் கடைசி வரை படிக்க வேண்டும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். ஒருத்தி "டூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்றாள். ஒருத்தன் "பெறவு பேசுதேன்பா" என்றான். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என் கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அந்தக் கோபத்தில் பெரிய பங்கு என் மேல்தான். உங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இலத்தூரில் உங்கள் மாமா கட்டியிருக்கும் புதுவீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சு. காயத்ரிக்கு மதுரையில் நர்சிங் பரீட்சை, சிவாவுக்குக் கோயம்புத்தூர் கம்பெனியில் லீவு இல்லை. அதனால் நானும் அம்மாவும் மட்டும் கிளம்பினோம். ஒரு நாள் முன்னால் போனால் தென்காசிக் கோயிலையும் குற்றாலத்தையும் பார்த்துவிட்டு இலத்தூர் போகலாம் என்று கணக்கு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் இதுதான் என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை காலை 5.20. தூத்துக்குடியில் பஸ் ஏறினோம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஆளுக்கு ஒரு டீ, ஒன்று பதினைந்து ரூபாய். 7.10-க்குத் தென்காசி பஸ். ஆளுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சாலையை அகலமாக்கிவிட்டதால் பஸ் பறந்தது. ஆலங்குளம் வரும்போது அம்மா என் கையைத் தட்டினாள்.

"இங்கன இவ்வளவு காத்தாடி நிக்கா? எப்ப வச்சாவ?"

காற்றாலைகள் அங்கே பல வருடமாக நிற்கின்றன. நாமும் வருடா வருடம் அந்த வழியாகத்தான் குற்றாலம் போகிறோம். ஆனால் ஜன்னல் சீட் உங்கள் இரண்டு பேருக்கு, ஓர சீட் எனக்கு. அவளுக்கு நடுவில் இடம், மடியில் சிவாவின் தலை, காலடியில் சோற்று வாளி. அவள் காற்றாலையை எங்கே பார்ப்பாள்? பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை தெரிந்தது. மேகம் மலையின் கழுத்து வரை இறங்கியிருந்தது. அவள் தென்காசி வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாள்.

காலை 9.00. தென்காசி கோயில். உங்களுக்குத் தெரியும், கோபுர வாசலில் காற்று நம்மை முதலில் வெளியே தள்ளும். நாலு எட்டு வைத்தால் அதே காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளும். அம்மாவின் சேலைத் தலைப்பு என் முகத்தில் வந்து அடித்தது. "வரச் சொல்லுதாரா, போகச் சொல்லுதாரா ஒண்ணும் புரியலயே" என்று சாமியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

சன்னதியில் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றாள். கூட்டம் நெருக்கியது. "நகருங்க, நகருங்க" என்றார்கள். வெளியே பிரகாரத்தில் உட்கார்ந்தபோது, அவ்வளவு நேரம் என்ன வேண்டினாய் என்று கேட்டேன்.

"வேண்டல. பேரு சொல்லுதேன். மொதல்ல காயத்ரி, பெறவு சிவா, பெறவு நீங்க, எங்க அண்ணன், அவரு பிள்ளைய, ஒங்க அக்கா, கீழ வீட்டு மாரியக்கா, அவா மகனுக்கு வேல கெடைக்கணும்லா. ஒவ்வொரு பேரா சொன்னா அவருக்கு ஞாபகம் இருக்கும்."

"உன் பேரு?"

"பேச்சின்னு கடைசியில வச்சிருப்பேன். அதுக்குள்ள நகருங்கன்னுருதாவளே."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாமிக்குத் தன் பெயர் தெரியாமலா இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்குத்தான் அந்த இடத்திலேயே சுருக்கென்றது.

காலை 10.40. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குப் பத்து ரூபாய். "இன்னைக்கு நான் ஓசி, நீங்கதான் துட்டு" என்று அதற்கும் சிரித்தாள். மேலகரம் வரும்போது சாரல் விழுந்தது. நான் வழக்கம்போல ஒரு வார்த்தை சொன்னேன். எந்த யோசனையும் இல்லாமல் சொன்னேன்.

"உனக்குத்தான் சளி பிடிக்குமே, நீ கரையில பையப் பாத்துக்க. நான் சட்டுன்னு ஒரு குளி போட்டுட்டு வந்திருதேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு எப்பங்க சளி பிடிச்சிருக்கு?"

நான் யோசித்தேன், பிள்ளைகளே. மார்கழி மாதம் விடியுமுன்னே பச்சைத் தண்ணீரில் தலை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவள் அவள். மழை வந்தால் மாடிக்கு ஓடி நம் துணிகளை எடுத்துவிட்டுத் தான் நனைந்து வருகிறவள். நம் வீட்டில் சளிக்கு மாத்திரை வாங்கியது எனக்காக, சிவாவுக்காக, காயத்ரிக்காக. அவளுக்கென்று வாங்கிய நாள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அப்பம் ஏன் சளி பிடிக்கும்னு சொன்ன?"

"காயத்ரி எட்டு மாசப் பிள்ள. ஒங்க அக்கா, அத்தான் எல்லாரும் துண்ட கெட்டிட்டு நிக்காவ. பிள்ளய யாராவது வச்சிக்கிடணும். நீங்க அருவியப் பாக்கியோ, என்னப் பாக்கியோ, முழிக்கியோ. பாவமா இருந்துச்சி. எனக்குச் சளி பிடிக்கும், நீங்க போங்கன்னேன். அம்புட்டுதான். அடுத்த வருசம் ஒங்க அக்காவே சொல்லிட்டாவ, பேச்சிக்குச் சளி பிடிக்கும்லான்னு. பெறவு நீங்க சொன்னிய. பெறவு பிள்ளைய சொல்லுதுவ."

ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யை நாம் இருபது வருடமாகச் சட்டமாக்கி வைத்திருக்கிறோம்! சிவா, உன் சிநேகிதனிடம் நீ சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது: "எங்கம்மாவுக்குத் தண்ணியே ஆகாதுலே." அன்றைக்கு நானும் தலையை ஆட்டினேனே. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிக் கத்துதிய?" என்றாள். "நீங்க மூணு பேரும் ஈரத்தோட வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு ஓடி வருவிய. யாரு துண்டு எதுன்னு நான் எடுத்துக் குடுப்பேன். சிவா துண்ட விட்டுட்டு என் சேலயில மூஞ்சத் தொடைப்பான். காயத்ரிக்கு உதடு நீலமா இருக்கும், சூடா ஒரு பஜ்ஜிய வாயில வச்சதும் செவக்கும். அந்த நேரம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு இருக்கும். அது பொய்யில்ல. குளிக்கணும்னு இருந்ததும் பொய்யில்ல."

பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். அடியில் ஒரு பழைய நைட்டி மடித்து வைத்திருந்தாள். அருவிக்குப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். புதன்கிழமையே எடுத்து வைத்தாளாம். இந்தத் தடவை பிள்ளைகள் இல்லை, கேட்டுப் பார்ப்போம் என்று வைத்தாளாம். என்ன அநியாயம்! தண்ணீரில் குளிப்பதற்கு ஒரு மனுஷி மூன்று நாள் முன்னாலிருந்து தைரியம் சேர்த்திருக்கிறாள்.

காலை 11.15. பேரருவி. ஆண்கள் பக்கம் அகலமாக விழுகிறது, பெண்கள் பக்கம் ஓரத்தில். அந்த ஓரத்துக்கே வரிசை, பாலம் வரை நின்றது. நாங்கள் வரிசையின் வாலைப் பிடித்தபோது சைரன் ஊதிவிட்டார்கள். மேலே மழை, தண்ணீர் பெருகுகிறது, எல்லோரும் வெளியே வரச் சொல்லி போலீஸ்காரர்கள் விசில் அடித்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை, உயிர் முக்கியம். ஆனால் அம்மா "சரி, வாங்க, இலத்தூருக்குப் போவம்" என்று சொன்ன வேகம் இருக்கிறதே, அதில்தான் கோபம் வந்தது. இல்லை என்று ஆகிவிட்டால் மறு பேச்சு பேசாமல் திரும்பிப் பழகிய வேகம் அது.

ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஐந்தருவிக்கு இருநூறு ரூபாய் என்றார் ஓட்டுநர். நாலு ஐந்து கிலோமீட்டர்தான். பேரம் பேசவில்லை.

"ஐந்தருவில இப்பம் விடுதாவ அண்ணாச்சி. ஆனா சட்டுன்னு குளிச்சிட்டு வந்திரணும். மேல இன்னும் கொஞ்சம் பெஞ்சா அங்கனயும் ஊதிருவாவ. நீங்க குளிக்கியளா, அக்காவும் குளிக்காவளா?"

"அக்காதான் குளிக்காவ" என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மதியம் 12.10. ஐந்தருவி. பழக்கடை, சிப்ஸ் கடை, துண்டுக் கடை எல்லாம் தாண்டி உள்ளே போனோம். தண்ணீர் ஐந்து பிரிவாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துணி மாற்ற யாரோ தனியார் போட்ட ஒரு தகரக் கொட்டகை. ஆளுக்கு இருபது ரூபாய். நாலு அறை, நாலு பிளாஸ்டிக் கதவு. அம்மா உள்ளே போனாள். போன சுருக்கில் திரும்பி வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"உள்ள தாழ்ப்பாள் இல்லங்க. நாலுலயும் இல்ல. வேண்டாம், போவம்."

உங்கள் அப்பன் இருபத்தைந்து வருடமாகத் தூத்துக்குடியில் கதவு ஜன்னல் மாட்டுகிறவன். வாசலில் நின்றே பார்த்தேன். பிளாஸ்டிக் கதவில் வெறும் திருகாணி போட்டுத் தாழ்ப்பாள் மாட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் நாலு நாள் இழுத்தால் திருகாணி கையோடு வந்துவிடும். நாலு கதவிலும் திருகாணி இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. வசூல் மேஜையில் உட்கார்ந்திருந்த ஆளிடம் போனேன்.

"தாழ்ப்பாள் எங்கவே?"

"சீசன் தொடக்கத்துல இருந்துச்சி அண்ணாச்சி. ஒரு கையால கதவப் பிடிச்சிக்கிடச் சொல்லுங்க."

"ஒரு கையால கதவப் பிடிச்சா எந்தக் கையால துணி மாத்த?"

"எல்லாரும் அப்படித்தான மாத்துதாவ. இன்னைய வரைக்கும் ஒரு பொம்பள வந்து எங்கிட்டக் கேட்டதில்ல."

கேட்கமாட்டார்கள்! அதை வைத்துத்தானே இந்தக் கொட்டகை நடக்கிறது. பணம் வாங்கும் மேஜை டிராயருக்குப் பூட்டு தொங்கியது, பார்த்தேன். டிராயருக்குப் பூட்டு போடத் தெரிந்தவனுக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை. நான் சத்தம் போட்டேன், அவரும் சத்தம் போட்டார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க, எல்லாரும் பாக்காவ. எனக்கு ஒண்ணும் இல்ல, போவம்." இருபது வருடம் தள்ளிப் போனது, நாலு திருகாணி இல்லாததால் இன்றும் போகப் போகிறது. சைரன் எந்த நிமிடமும் ஊதலாம்.

அப்போது எதிர்க் கடைக்கு முன்னால் சிமெண்ட் கட்டையில் ஏழு பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். சங்கரன்கோவில்காரர்.

"ஏட்டி, என்ன இங்கன சண்ட? நீ உள்ள போ. நான் கதவுல முதுகக் குடுத்து நிக்கேன். எவன் வந்து தள்ளுதான்னு பாக்கேன்."

கதவோடு முதுகை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா நைட்டியோடு வெளியே வந்தாள். "அக்கா, நீங்களும் வாங்க" என்றாள்.

"நான் எங்கட்டி? வீட்டு ஆளுவ குளிக்காவ. பை கெடக்குலா."

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா, நீங்க போங்க" என்றேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். அவர் பையிலும் அடியில் ஒரு மாற்றுத்துணி மடித்து வைத்திருந்தது. இந்தத் தடவை அம்மா கதவுக்கு முதுகு கொடுத்தாள்.

12.40. நான் பைகளோடு உட்கார்ந்தேன். எங்கள் பைகள் இரண்டு, அவர்களுடையது ஏழு. பிள்ளைகளே, அந்த இடத்திலிருந்து அருவி தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். கண்ணுக்கு முன்னால் ஜட்டி, துண்டு, ஷாம்பூ பாக்கெட் விற்கிற கடைகள். சாரல் மேலே விழுந்தால் ஒதுங்க முடியாது, பையை விட்டு நகர முடியாது. ஒண்ணுக்குப் போக முடியாது. போவோர் வருவோர் எல்லாம் எண்ணெய் தேய்த்த உடம்போடு நம்மை இடித்துக்கொண்டு போகிறார்கள். என் வரிசையில் நெடுக பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு குவியல் பை. யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். அரை மணி நேரம் எனக்கு அரை நாளாக இருந்தது. இதே மாதிரி ஓர் இடத்தில் அவளை இரண்டு மணி, மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "இன்னொரு தடவ குளிச்சிட்டு வந்திருதோம்" என்று நாம் மறுபடியும் ஓடியிருக்கிறோம்.

ஈரத் துண்டோடு ஒரு பெரிய ஆள் வந்து என் முன்னால் நின்றார். பின்னால் மூன்று பேர்.

"யாருவே நீரு? எங்க பையில கைய வச்சிட்டு உக்காந்திருக்கீரு?"

"உங்க பைதான். உங்க வீட்டம்மா பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனாவ."

"அவா எங்க?"

"குளிக்கப் போயிருக்காவ."

அவர் சிரித்தார். "நல்லாக் கத விடுதீரு. அவா குளிக்கமாட்டாளே. அவளுக்குச் சளி பிடிக்கும்லா!"

அதே வார்த்தை. சங்கரன்கோவிலிலும் அதே வார்த்தை! அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? பெண்கள் பக்கத்தைக் கையால் காட்டினேன்.

இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, வழுக்கி விடாமல், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டே. உங்கள் அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. பல் தந்தி அடித்தது. நான் பைக்குள் கையை விட்டுத் துண்டைத் தேடினேன். எந்தத் துண்டு அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் வந்ததைக் கொடுத்தேன்.

அந்த அக்கா வீட்டுக்காரரிடம், "என்ன முழிக்கியோ? எனக்கு ஒண்ணும் சளி பிடிக்காது. பிடிச்சா ஒங்களுக்கு என்ன, கசாயம் வச்சித் தாங்களேன்" என்றார். அந்த ஆள் ஏழு பையில் நாலைத் தூக்கினார்.

1.30. மிளகாய் பஜ்ஜி, பிளேட் நாற்பது ரூபாய். அம்மா இரண்டு பிளேட் சாப்பிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நூறு பேரு சேந்து தலையில கொட்டுத மாதிரி இருந்துச்சி. காது அடச்சிட்டு. மூச்சு முட்டிச்சி. கொஞ்ச நேரம் எனக்கு ஒரு பேரும் ஞாபகம் வரல பாத்துக்கிடுங்க. ஒங்க பேரு, பிள்ளைய பேரு, ஒண்ணும் வரல. தண்ணி மட்டும்தான். அதுவும் ஒரு கும்புடுதான்னு தோணுது."

சொல்லிவிட்டு, "பிள்ளைய கிட்ட இப்படிச் சொல்லாதிய, வருத்தப்படுதுவ" என்றாள். நான் சொல்கிறேன். வருத்தப்படுங்கள்.

மாலை 3.45. செங்கோட்டை வழியாக இலத்தூர் பஸ். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டை நினைத்துக்கொண்டே வந்தேன். நம் தெருவில் தண்ணீர் வராத நாட்களில் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் முதலில் குளிப்பது யார்? வேலைக்குப் போகிற நான். அடுத்து நீங்கள். கடைசியில் டிரம்மைச் சாய்த்து, அடியில் கிடப்பதை மொண்டு குளிப்பது யார்? குற்றாலத்தில் வருடத்துக்கு ஒரு நாள் நடப்பது நம் வீட்டில் தினமும் நடக்கிறது. அதற்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அவளாகவே கடைசியில் குளிக்கிறாள் என்று விட்டுவிட்டோம். அடுத்த லீவுக்கு நீங்கள் வரும்போது முதல் வாளி அவளுக்கு. அவள் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். அதை நம்பாதீர்கள்.

ஞாயிறு காலை பால் காய்ச்சு நன்றாக நடந்தது. மாமாவுக்குப் பட்டாளத்திலிருந்து வந்த பணத்தையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு, உறுதியாக இருக்கிறது. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். அம்மா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீசியன் விட்டுப்போன பேட்டரி டிரில் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மாமாவிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டேன், அவருடைய டிவிஎஸ் வண்டியையும் வாங்கிக்கொண்டேன். எங்கே என்று அவர் கேட்டதற்குப் பேப்பர் வாங்க என்றேன். பேப்பர் வாங்க டிரில் எதற்கு என்று கேட்காத நல்ல மனுஷன்.

செங்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. தாழ்ப்பாள் நாலு, ஒன்று அறுபத்தைந்து ரூபாய். துருப்பிடிக்காத போல்ட்டும் நட்டும் தனியாக எண்பது ரூபாய். ஐந்தருவிக்குப் போய்ச் சேரும்போது மணி 8.30. கூட்டம் இன்னும் வரவில்லை. மேஜைக்காரர் அப்போதுதான் கொட்டகையைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "நேத்து சண்ட போட்டவருதான?" என்றார். நான் தாழ்ப்பாளைக் காட்டினேன். ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வாரேன், அதுக்குள்ள முடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருகாணி வேண்டாம் என்று, கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளைத்துப் போல்ட்டை விட்டு, பின்னால் நட்டைப் போட்டு முறுக்கினேன். ஒரு கதவுக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. நாலாவது கதவையும் முடித்தபின் அந்த அறைக்குள் போனேன். ஒரு ஆள் நிற்கத்தான் இடம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். தோளால் ஒரு தடவை இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை, பலமாக இடித்துப் பார்த்தேன்.